கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் தொழில்: மாதம் முப்பதாயிரம் வருமா?

கேள்வி:

போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் நானும் கணவரும் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறோம். நோட்டு, பேனா, பிஸ்கட்டும் விற்கிறோம். ஊரில் வங்கியும் கிடையாது, ஏடிஎம்மும் கிடையாது. எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். திருப்பூரில் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார், கைரேகை மெஷினும் கார்டு மெஷினும் போட்டு மாதம் முப்பதாயிரம் வரை பார்ப்பதாகச் சொல்கிறார். எங்களையும் போடச் சொல்கிறார். ஒரு கம்பெனி ஆள் வந்து ஐடிக்கும் (முகவராகப் பதிந்து தரும் லாகின்) மெஷினுக்கும் சேர்த்து 14,000 ரூபாய் கேட்டார். சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. இறங்கலாமா? இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? ஆயிரத்துக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொள்ளலாம், கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பணம் கொடுத்தால் இன்னும் லாபம் என்கிறார்களே, சரியா?

பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கொழுந்தனார் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்கிற தொழிலும் நீங்கள் செய்யப்போகிற தொழிலும் வேறு வேறு. மெஷின் மட்டும்தான் ஒன்று.

திருப்பூரில் அவர் கடைக்கு யார் வருவார்கள் என்று யோசியுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், வாரக் கூலியைக் கையில் எடுத்துவந்து ஊருக்கு அனுப்பச் சொல்வார்கள். அதாவது ரொக்கம் அவர் கல்லாவுக்குள் வருகிறது. அடுத்து ஒருவர் பணம் எடுக்க வந்தால் அதே ரொக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். அனுப்பினாலும் கமிஷன், எடுத்தாலும் கமிஷன். வங்கிக்கு ஓட வேண்டிய வேலையே குறைவு.

உங்கள் ஊரில் பணம் எதிர்த் திசையில் ஓடுகிறது. மகளிர் உரிமைத் தொகை, முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலைக் கூலி, பால் பணம், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன பிள்ளை அனுப்புவது, எல்லாமே வங்கிக் கணக்கில் வந்து விழுகின்றன. வருகிற எல்லோரும் ரொக்கம் கேட்பார்கள். கட்டுவதற்கு யாரும் வரமாட்டார்கள். சாயங்காலம் உங்கள் போனில் வாலட் (கம்பெனியின் ஆப்பில் உங்கள் பணம் சேரும் கணக்கு) நிறைந்திருக்கும், கல்லா காலியாக இருக்கும். மறுநாள் கடை திறக்கும் முன் யாராவது போளூர் போய் நோட்டாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். இந்தத் தொழிலில் ரொக்கம்தான் சரக்கு. சரக்கு தீர்ந்துவிட்டால் மெஷின் இருந்தும் பயனில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்போம்.

கைரேகை மெஷினில் நடப்பது இதுதான். வாடிக்கையாளர் ஆதார் எண்ணைச் சொல்கிறார், தன் வங்கியைச் சொல்கிறார், விரலை வைக்கிறார். ரேகை சரியென்று ஆதார் தரப்பிலிருந்து பதில் வந்ததும் அவர் கணக்கில் 2,000 ரூபாய் கழிகிறது, உங்கள் வாலட்டில் 2,000 ஏறுகிறது. உங்கள் கைக்காசை எடுத்து அவரிடம் கொடுக்கிறீர்கள். ஏஇபிஎஸ் என்று சொல்வது இதைத்தான். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்குள் அவரவர் வங்கி தனியாக வரம்பு வைத்திருக்கும்.

வருமானம் எங்கிருந்து வருகிறது? வாடிக்கையாளரின் வங்கி, உங்களுக்கு ஐடி கொடுத்த வங்கிக்கு ஒரு கட்டணம் தருகிறது. எடுத்த தொகையில் அரை சதவீதம், குறைந்தது ஒரு ரூபாய், அதிகபட்சம் 15 ரூபாய். 3,000 ரூபாய்க்கு அரை சதவீதம் போட்டால் சரியாக 15. அதற்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் அதே 15தான். கம்பெனிக்காரர் காட்டும் கமிஷன் அட்டவணை மூவாயிரத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பதினைந்தில் வங்கி எடுத்து, நடுவில் உள்ள கம்பெனி எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்து, மீதிதான் உங்களுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; மூவாயிரம் எடுத்தால் பத்து ரூபாய் அளவில் கிடைக்கலாம், ஆயிரம் எடுத்தால் இரண்டு மூன்று ரூபாய்.

இப்போது 15-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, அந்தத் தேதியை ஒட்டித்தான் கணக்கில் ஏறும். காலை எட்டு மணிக்கே கடை வாசலில் பெண்கள் வந்து நிற்பார்கள். அறுபது பேர் வந்தால் அறுபதாயிரம் ரூபாய் ரொக்கம் வேண்டும். கமிஷனாக வருவது நூற்றைம்பது ரூபாய்.

சாதாரண நாட்களுக்கும் ஒரு கணக்குப் போடலாம். நாளைக்கு 25 பேர், ஆளுக்குச் சராசரி 6 ரூபாய் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தாலும் 150 ரூபாய், மாதம் 26 நாளுக்கு 3,900 ரூபாய். இதில் வாலட்டிலிருந்து வங்கிக்கு உடனடியாக மாற்றினால் அதற்கொரு கட்டணம், போளூர் போய்வர பெட்ரோல், பில் ரோல் என்று கழியும். கமிஷனில் 2 சதவீதம் வரி பிடித்தாலும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதே கணக்கில் முப்பதாயிரம் வர வேண்டுமானால் மாதம் ஐயாயிரம் பேர், தினமும் நூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல் விரல் வைக்க வேண்டும். உங்கள் ஊரில் மொத்தம் எத்தனை ரேஷன் கார்டு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. வாடகை, கரண்ட் எல்லாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் கடையில் மாதம் மூவாயிரம் சொச்சம் கூடுதலாக வருவது நல்லதுதான். பணம் எடுக்க வருகிற பெண், தன் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குவார், போனுக்கு ரீசார்ஜ் போடுவார், பட்டாவை ஜெராக்ஸ் எடுப்பார். அந்த லாபம் கமிஷனைவிட அதிகமாக இருக்கும். இதை மட்டுமே நம்பிப் புதிதாகக் கடை எடுக்கிறவருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்களுக்குச் செய்யலாம் என்கிறேன்.

ஒன்றரை லட்சத்தையும் இதில் போடாதீர்கள். ஐம்பதாயிரத்தில் ஆரம்பியுங்கள். இன்னொரு ஐம்பதாயிரத்தை 15-ம் தேதி, பண்டிகைக்கு முந்தைய நாட்கள் என்று நெருக்கடியான சமயத்துக்கு மட்டும் எடுங்கள். மீதியைத் தொடவே வேண்டாம்.

வங்கியில் 29 ஆண்டுகள் வேலை செய்தேன். கடைசி ஆறு ஆண்டுகள், வங்கியின் சார்பில் ஊரிலேயே பணம் கொடுக்கும் கிராமத்து முகவர்களைக் கவனிக்கிற பிரிவு. அங்கே நான் பார்த்தவரை நன்றாக நடத்தியவர்கள் எல்லாம் பெரிய முதல் போட்டவர்கள் இல்லை. சின்ன முதலை வேகமாகச் சுற்றவிட்டவர்கள். ஒரு முகவர் ஊரிலுள்ள மளிகைக் கடைக்காரரோடும் உரக் கடைக்காரரோடும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். அவர்கள் தினமும் விற்பனைப் பணத்தை வங்கியில் கட்ட டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. இவர் அந்த ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, தன் கரண்ட் அக்கவுண்ட்டிலிருந்து அவர்கள் கணக்குக்கு உடனே அனுப்பிவிடுவார். அவர்களுக்கு அலைச்சல் மிச்சம், இவருக்குச் சரக்கு வாசலுக்கே வந்தது. நீங்களும் இப்படி இரண்டு மூன்று கடைக்காரர்களைப் பிடிக்க முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நன்றாகத் தெரிந்தவர்களோடு மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; உங்கள் அளவுக்கு அது வராது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். நோட்டை எண்ணி, வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். கள்ள நோட்டு வந்தால் வங்கி பறிமுதல் செய்யுமே தவிர மாற்றித் தராது.

இரண்டாம் சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை ஆகியவற்றைக் காலண்டரில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். வாலட்டிலிருந்து கணக்குக்குப் பணம் ராத்திரியிலும் போகும். வங்கிக் கவுன்ட்டர்தான் திறந்திருக்காது. ஏடிஎம்மில் எடுக்கலாம் என்றால் அதற்கு நாள் வரம்பு உண்டு. இலவசத் தடவைகள் தீர்ந்தபின் ஒவ்வொன்றுக்கும் 23 ரூபாய் வரை கட்டணம். ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ரூபாய் சம்பாதித்துவிட்டு இருபத்து மூன்றைத் தொலைக்காதீர்கள்.

சரி, அந்த 14,000 ரூபாய் ஆள். கைரேகை மெஷின், கார்டு போட்டுப் பணம் எடுக்கும் மைக்ரோ ஏடிஎம் மெஷின் இரண்டும் கடையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மீதி என்ன கணக்கு என்று அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஐடிக்கு என்பார். சில கம்பெனிகள் சிறிய பதிவுக் கட்டணம் வாங்கும், அது தவறில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கேட்டு, "மாதம் இவ்வளவு சம்பளம் வரும், கடைக்கு வாடகை தருவோம்" என்றெல்லாம் சொன்னால் விலகிவிடுங்கள். பெரிய வங்கிகளின் பெயரில் சேவை மையம் வைத்துத் தருவதாகப் போலி இணையதளம் நடத்திப் பணம் பறிக்கும் கும்பல்கள் நாடு முழுக்க இருக்கின்றன. அவர்கள் அனுப்பும் "அனுமதிக் கடிதம்" முத்திரை எல்லாம் போட்டு, உண்மையானதைவிட அழகாக இருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: எந்த வங்கிக்கு நான் முகவர்? ஃபினோ, ஏர்டெல் போன்ற பேமென்ட்ஸ் வங்கிகளாக இருக்கலாம். பே நியர்பை, ஸ்பைஸ் மணி போன்ற கம்பெனி வழியாக வேறொரு வங்கியாக இருக்கலாம். எதுவானாலும் பின்னால் ஒரு வங்கியின் பெயர் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பெயரை எழுதி வாங்கி, அந்த வங்கியின் கிளையிலோ அதன் சொந்த உதவி எண்ணிலோ கேட்டு உறுதி செய்யுங்கள். போளூர் கிளைகளில் போய் உங்கள் ஊருக்கு வங்கி முகவர் இடம் காலியா என்று நேரடியாகவும் கேட்டுப் பாருங்கள். அந்த வழியில் கணக்குத் தொடங்குவது, பணம் கட்டுவது, காப்பீடு சேர்ப்பது என்று வேலை கூடும், கமிஷனும் கூடும்.

லைசென்ஸ் கேட்டிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி உங்களுக்கு நேராக எந்த உரிமமும் தருவதில்லை. வங்கிகள் வெளியாட்களை முகவராக வைத்துக்கொள்ளலாம் என்று 2006-ல் அனுமதி கொடுத்தார்கள். 2009-ல் மளிகைக் கடைக்காரர் போன்றவர்களையும் சேர்த்தார்கள். பொறுப்பு வங்கியுடையது, நீங்கள் அதன் ஆள். ஆதார், பான், வங்கிக் கணக்கு, கடை முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். வங்கி முகவராகவே ஆனால் ஐஐபிஎஃப் என்ற வங்கித் துறைப் பயிற்சி நிறுவனம் நடத்தும் ஒரு தேர்வும் எழுத வேண்டியிருக்கும்; உங்களால் முடியும், பயப்பட ஒன்றுமில்லை. 2026 ஜனவரி 1 முதல் ரேகை வைத்துப் பணம் கொடுக்கும் முகவர்களை வங்கிகள் இன்னும் கறாராகச் சரிபார்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்திருக்கிறது. தொடர்ந்து மூன்று மாதம் ஒரு பரிவர்த்தனையும் செய்யாமல் ஐடியைச் சும்மா வைத்திருந்தால் மறுபடி சரிபார்த்த பிறகுதான் திறந்துவிடுவார்கள். தினமும் உங்கள் விரலை வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஆகவே ஐடி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கடையில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் எடுத்துவிட்டு அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் அன்று மெஷினுக்கும் லீவுதான். கடையில் நாள் முழுக்க இருப்பது நீங்களானால் உங்கள் பெயரிலேயே எடுங்கள். கைரேகை மெஷின் எல்1 வகையா என்று பார்த்து வாங்குங்கள். பழைய எல்0 மெஷினைச் சல்லிசாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதை ஆதார் ஆணையம் ஒதுக்கிவிட்டது.

கார்டு மெஷின் இப்போதைக்குத் தேவையா? எனக்குத் தோன்றுவது, முதலில் கைரேகை மெஷின் மட்டும் போதும். கிராமத்தில் பலருக்கு ரூபே கார்டு வங்கிக் கவர்கூடப் பிரிக்காமல் பீரோவில் இருக்கும், பின் நம்பர் நினைவில் இருக்காது. பெங்களூரிலிருந்து லீவில் வருகிற பிள்ளைகள் கார்டை நீட்ட ஆரம்பித்தால் அப்புறம் மைக்ரோ ஏடிஎம் வாங்கிக்கொள்ளலாம். பொருள் விற்றதற்குக் கார்டு தேய்க்கும் ஸ்வைப்பிங் மெஷின் வேறு. அதற்குப் பெரும்பாலும் மாத வாடகை உண்டு. பேனாவும் பிஸ்கட்டும் விற்கிற கடைக்கு க்யூஆர் அட்டை போதும்; 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஸ்வைப்பிங் மெஷினிலும் டெபிட் கார்டுக்கு ரொக்கம் தரலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் வங்கி உங்கள் கடையை அதற்கென்று அனுமதித்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், மாதத்துக்கு 10,000 ரூபாய் என்பது ஒரு கார்டுக்கான வரம்பு. உங்களுக்கு அது பெரிதாக உதவாது.

மைக்ரோ ஏடிஎம் வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பாட்டி கார்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பின் நம்பரைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லுவார். "நீயே போடு கண்ணு" என்பார். போடாதீர்கள். அவர் விரலைப் பிடித்தாவது அவரையே அழுத்த வையுங்கள். நாளைக்கு அவர் பேரன் பணத்தை எடுத்துச் செலவழித்தாலும் முதல் சந்தேகம் நம்பர் தெரிந்த கடைக்காரர் மேல்தான் விழும்.

ஆயிரத்துக்கு இருபது ரூபாய் விஷயம். கூடாது. கட்டணம் வாங்குவதென்றால் வங்கிதான் வாங்கலாம், முகவர் வாடிக்கையாளரிடம் தனியாகக் கைநீட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பல ஊர்களில் வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய் கமிஷனில் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதும் தெரியும். அந்த விகிதத்தை நிர்ணயித்தவர்கள் ஒரு 15-ம் தேதி கிராமத்துக் கடையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருப்பார்கள் என்பது என் சொந்த எண்ணம். ஆனாலும் ஒரு புகார் போனால் ஐடி போய்விடும். அதோடு தபால்காரரையும் மறந்துவிடாதீர்கள். 2018-ல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து அவர் ரேகை வாங்கிப் பணம் கொடுக்கிறார். நீங்கள் இருபது ரூபாய் பிடித்தால் ஊர்ப் பெண்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். அதேபோல ஆறாயிரம் கேட்டவருக்கு மூவாயிரம் மூவாயிரமாக இரண்டு தடவை விரல் வைத்து இரட்டைக் கமிஷன் பார்க்கும் வேலையும் வேண்டாம். வங்கியின் கணினியில் அது பளிச்சென்று தெரியும்.

கிரெடிட் கார்டு தேய்த்துப் பணம் தருவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: செய்யாதீர்கள். பொருள் விற்காமல் விற்றதாகப் பில் போடுகிற வேலை அது. வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தை மீறுவது. மெஷினைப் பிடுங்குவார்கள், வர வேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார்கள். கார்டு திருட்டுக் கார்டாக இருந்தால் விசாரணைக்கும் நீங்கள்தான் போக வேண்டும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும் இன்னொரு விஷயம். அறிமுகமில்லாத ஒருவர் பைக்கில் வருவார். "அக்கா, ஏடிஎம் வேலை செய்யல, ஜிபேயில் இருபதாயிரம் போடுறேன், கேஷ் கொடுங்க, நானூறு ரூபாய் எடுத்துக்குங்க" என்பார். போனில் டொய்ங் என்று பணம் ஏறும், நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். பத்து நாள் கழித்து உங்கள் கணக்கு முடங்கும். எங்கோ ஒரு மாநிலத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் அது. ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்திருப்பார்; பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அவற்றையெல்லாம் சைபர் க்ரைம் போலீஸ் நிறுத்தச் சொல்லும். எங்கள் பிரிவில் ஒரு முகவருக்கு இப்படி நடந்தது. பதினெட்டாயிரம் ரூபாய்க்காக அவர் கணக்கு நாலு மாதம் முடங்கிக் கிடந்தது. தன் பணத்தையே எடுக்க முடியாமல் அவர் அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். மளிகைக் கடைக்காரரிடம் ரொக்கம் வாங்கி அவர் கணக்குக்கு அனுப்புவதில் இந்த ஆபத்து இல்லை. அங்கே உங்கள் பணம் வெளியே போகிறது. இங்கே யாருடைய பணமோ உங்கள் கணக்குக்குள் வருகிறது. தெரியாதவர் யுபிஐயில் போட்டு ரொக்கம் கேட்டால், பாவமாக இருந்தாலும், மெஷினில் விரல் வைக்கச் சொல்லுங்கள் அல்லது இல்லையென்று சொல்லுங்கள்.

இந்தத் தொழிலுக்கென்று தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட் தொடங்குங்கள். வீட்டுச் சேமிப்புக் கணக்கோடு கலக்காதீர்கள். நாளைக்கு 40,000 ரூபாய் சுற்றினால் வருடத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல் உங்கள் கணக்கு வழியாக ஓடியிருக்கும். கமிஷன் ஐம்பதாயிரம்கூட இருக்காது, ஆனால் கம்ப்யூட்டருக்கு நீங்கள் கோடீஸ்வரி. ஒரு வருடத்தில் ஒரு கோடிக்கு மேல் ரொக்கம் எடுத்தால் வங்கி 2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். வங்கியின் முகவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. உங்கள் பெயர் வங்கியின் பதிவில் முகவர் என்று இருக்கிறதா, அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்குமா என்று கிளையில் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். வருமானம் குறைவாக இருந்தாலும் வருடா வருடம் ரிட்டர்ன் போடுங்கள்.

அப்புறம் தினசரிச் சங்கடங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களின் ரேகை தேய்ந்திருக்கும், எளிதில் மெஷினில் விழாது. ஈரத் துணியால் விரலைத் துடைத்து வேறு விரலை வைத்துப் பாருங்கள். மெஷின் கண்ணாடியையும் அடிக்கடி துடைக்க வேண்டும். "பெண்டிங்" என்று வந்தால் பதற்றத்தில் உடனே மறுபடி விரல் வாங்காதீர்கள். முதலில் அவர் கணக்கின் இருப்பைப் பாருங்கள். கழிந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கழிந்து, உங்கள் வாலட்டில் ஏறாமல் இருந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி சரி செய்ய வேண்டும், தாண்டினால் நாளைக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ரசீதை அடித்துக் கையில் கொடுத்து, அதில் உள்ள எண்ணை உங்கள் நோட்டிலும் எழுதி, ஐந்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். ஃபெயில் ஆனாலும் ரசீது கொடுங்கள். "ஃபெயில் ஆகிவிட்டது" என்று சொல்லிப் பணத்தை அமுக்கிய முகவர்களால்தான் இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மீதித் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காமல்.

உரிமைத் தொகை வரவில்லையென்று அழுதுகொண்டு வருபவர்களும் இருப்பார்கள். ஆதாரை இரண்டு மூன்று வங்கிகளில் கொடுத்திருப்பார்கள். அரசுப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் போகும். இவர்கள் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெஷினில் இன்னொரு வங்கியைத் தேர்ந்தெடுத்து இருப்புப் பார்த்தால் பணம் அங்கே கிடக்கும். இதற்குக் கமிஷன் இருக்காது. ஆனால் அந்த அம்மா இனி வேறு கடைக்குப் போகமாட்டார்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மெஷின் வாங்கும் முன், வருகிற 10-ம் தேதியிலிருந்து ஒரு மாதம், பணம் எடுக்க போளூர் போகிறவர்கள் யார், எவ்வளவு எடுக்கிறார்கள், தபால்காரரிடம் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மளிகைக் கடையிலும் உரக் கடையிலும் தினமும் எவ்வளவு ரொக்கம் கட்டப் போகிறது என்றும் விசாரியுங்கள். அந்த நோட்டின் கணக்கை எனக்கு அனுப்பினால், ஐம்பதாயிரம் போதுமா, அதையும் குறைக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தப் பதினாலாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.